"வரையறு" என்று கேட்பதைக் கொஞ்சம் நிறுத்துங்கள்: பொது உளவியல் பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை வட்டாரக் கல்லூரிகளுக்கு உளவியல் பாடத்திட்டம் வகுக்கிறவர்களுக்கும், வினாத்தாள் எடுக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

முதல் பருவம், முதல் தாள், முதல் கேள்வி: "உளவியலை வரையறு." இரண்டு மதிப்பெண். பத்தொன்பது வருடமாகப் பொது உளவியல் நடத்துகிறேன். இந்தக் கேள்வி இடம் மாறியிருக்கிறதே தவிர, காணாமல் போனதில்லை. விடையும் அப்படித்தான். "நடத்தையையும் மனச் செயல்பாடுகளையும் ஆராயும் அறிவியல்" என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். நான் டிக் போட்டு அடுத்த பக்கம் புரட்டுகிறேன். அதே பிள்ளையை வராந்தாவில் நிறுத்தி, "அதில் அறிவியல் என்று ஒரு வார்த்தை எழுதினாயே, ஏன்?" என்று கேட்டால் முழிக்கிறது. மூன்று வருடம் முடித்து டி.சி. வாங்கப் போகும்போதும் முழிக்கிறவர்கள் உண்டு. அந்த முழிப்புக்குக் காரணம் பிள்ளைகள் இல்லை, நாம் கேட்கிற கேள்விதான் என்று சொல்லவே இந்த மடல்.

என் வகுப்புக்கு வருகிறவர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குடியாத்தம், பேரணாம்பட்டு, ஒடுகத்தூர், அணைக்கட்டு, ஆற்காடு. காலை ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள். பாதிக்கு மேல் தமிழ் வழியில் ப்ளஸ் டூ முடித்தவர்கள். நர்சிங் கிடைக்காததால் வந்தவர்கள் சிலர். செல்போனில் "எதிராளி மனதைப் படிப்பது எப்படி" என்று யாரோ பேசியதைப் பார்த்து மயங்கி வந்தவர்கள் சிலர். பெரும்பாலோருக்கு இந்தப் பாடம் ஒரு புத்தகமாகக் கையில் வருவதே கல்லூரியில்தான்.

போன வருடம் சேர்ந்த ஒரு பெண்ணிடம் பஸ் கண்டக்டர் கேட்டாராம்: "சைக்காலஜியா? அப்ப நான் இப்ப இன்னா நெனைக்கிறேன், சொல்லு பாப்பா." அவள் சளைக்கவில்லை. "சில்லறை இல்லியேன்னு நெனைக்கிறீங்கண்ணா" என்று சொல்லிவிட்டாள். பஸ்ஸே சிரித்ததாம். வகுப்பில் அதைச் சொன்னபோது நானும் சிரித்தேன். அப்புறம் கேட்டேன், "அது உனக்கு எப்படித் தெரியும்?" யோசித்தாள். அவர் இரண்டு தடவை பையைக் குலுக்கிப் பார்த்தார், முன்னால் ஏறினவர் நூறு ரூபாய்த் தாளை நீட்டினார் என்றாள். "நீ சொன்னது சரிதானா என்று அவரிடம் கேட்டாயா?" கேட்கவில்லை. "அவர் வேறு எதையாவது நினைத்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்குமா?" தெரிந்திருக்காது. பொது உளவியலின் முதல் பாடம் அன்று அந்த மூன்று கேள்வியில் முடிந்துவிட்டது. வில்லியம் ஜேம்ஸ் யார், 1890-ல் என்ன எழுதினார் என்பதெல்லாம் அடுத்த வாரம் வந்தது. வந்தபோது அவர்களுக்கு அது வெறும் பெயராகத் தெரியவில்லை.

நம் முதல் யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1879, ஜெர்மனியின் லைப்சிக், முதல் உளவியல் ஆய்வுக்கூடம், வில்ஹெல்ம் வுண்ட், உளவியலின் தந்தை. இதை எழுதாத விடைத்தாளை நான் திருத்தியதே இல்லை. அந்த ஆய்வுக்கூடத்தில் அவர் என்னதான் செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால் மட்டும் ஹாலில் ஃபேன் ஓடுகிற சத்தம்தான் கேட்கும். வேறொன்றும் இல்லை, ஒரு வெளிச்சத்தையோ ஓசையையோ உணர்ந்து கையை அசைக்க ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பது போன்றவற்றை நொடியின் சின்னச் சின்னப் பங்குகளில் அளந்துகொண்டிருந்தார். இதைச் செய்து காட்ட ஜெர்மனிக்குப் போக வேண்டியதில்லை. லாங் பஜாரில் ஒரு 30 சென்டிமீட்டர் ஸ்கேல் வாங்கினால் போதும்.

ஒருத்தி ஸ்கேலின் மேல் முனையைப் பிடித்துத் தொங்கவிடுவாள். இன்னொருத்தி கீழ் முனையில், பூஜ்யத்துக்கு நேராக, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் விரித்து வைத்திருப்பாள். சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கேலை விட வேண்டும். கீழே இருப்பவள் பிடிக்க வேண்டும். 20 சென்டிமீட்டரில் பிடித்தால் அவள் எடுத்துக்கொண்ட நேரம் ஏறக்குறைய 0.2 நொடி. 5 சென்டிமீட்டரில் பிடித்தால் 0.1 நொடிதான், அப்படிப் பிடித்தாள் என்றால், ஸ்கேலை விடுகிறவளின் முகத்தைப் பார்த்து முன்கூட்டியே ஊகித்திருக்கிறாள் என்று அர்த்தம். (ஒவ்வொரு வருடமும் ஒருத்தி இப்படி மாட்டுவாள்.) அப்புறம் இரண்டு ஸ்கேல், இரண்டு கை. எது விழும் என்று தெரியாது. விழுகிற பக்கத்துக் கை மட்டும் மூட வேண்டும். பிடிக்கிற இடம் மேலே ஏறிவிடும், பல தடவை ஸ்கேல் தரையில்தான் கிடக்கும். முன்னதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறதே, அதுதான் "இடதா வலதா" என்று முடிவு செய்ய மனம் எடுத்துக்கொண்ட நேரம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இப்படிக் கழித்தல் கணக்குப் போட்டுப் பிடிக்கலாம் என்று டாண்டர்ஸ் என்ற டச்சுக்காரர் காட்டியது 1868-ல். இந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு "அறிவியல் என்று ஏன் எழுதினாய்" என்று கேட்டுப் பாருங்கள். யாரும் முழிப்பதில்லை.

இதற்கு மதிப்பெண் எவ்வளவு என்கிறீர்களா? பூஜ்யம். பிராக்டிகல் இரண்டாம் ஆண்டில்தான் வருகிறது. அதுவும் எப்படி வருகிறது என்று சொன்னால் உங்களுக்கே சங்கடமாக இருக்கும். முன்பு நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், மெமரி டிரம் (மனப்பாடம் செய்ய வேண்டிய சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டும் கருவி) ஒன்று கண்ணாடி பீரோவில் இருந்தது. சாவி ஆபீஸ் சூப்பரின்டெண்டென்டிடம். உடைந்தால் யார் பொறுப்பு என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்டார்கள். அதற்கு நான் பதில் எழுதி, அது மேலே போய், கீழே வந்து சேர்வதற்குள் பருவம் முடிந்துவிட்டது. பிள்ளைகள் சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து, செய்யாத சோதனைக்கு அளவுகளையும் சராசரியையும் அழகாகக் கட்டம் போட்டு எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து இன்றைக்கும் உறுத்துகிறது. தரவைக் கற்பனை செய்து எழுதுவது இந்தத் துறையில் பெரிய குற்றம். அதைப் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு நாமே நோட்டுப் போட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் பீரோ வேண்டாம் என்று முடிவு செய்தேன். கலர் ஸ்கெட்ச் பேனா, சார்ட் அட்டை, செல்போனில் இருக்கிற ஸ்டாப்வாட்ச், இவை போதும்.

கவனம் என்கிற பாடத்துக்கு வந்தபோது, "சிவப்பு" என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதினேன். "நீலம்" என்பதை மஞ்சளில். இப்படி நாற்பது சொல். சொல்லைப் படிக்கக் கூடாது, மையின் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஸ்ட்ரூப் 1935-ல் வெளியிட்ட சோதனை. வெறும் வண்ணக் கட்டங்களுக்கு நிறம் சொல்ல சராசரியாக 63 நொடி எடுத்தவர்கள், முரண்பட்ட சொற்களுக்கு 110 நொடி எடுத்தார்கள். எங்கள் வகுப்பிலும் நாக்குத் தட்டாதவர்கள் இல்லை. "பச்... சிவ... ஐயோ, பச்சை மேம்!" என்று ஒவ்வொருவரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

பேரணாம்பட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி மட்டும் கடகடவென்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். வகுப்பே கை தட்டியது. எனக்குச் சந்தேகம். "நீ எந்த மீடியம்மா?" என்றேன். உருது மீடியம், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன் என்றாள். "சரி, இந்த நாலு நிறத்தின் பெயரையும் உருதுவில் நீயே எழுதிக்கொண்டு வா." மறுநாள் சார்ட் கொண்டுவந்தாள். மூன்றாவது சொல்லிலேயே தடுக்கி, வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டாள். தானாக ஓடுகிற வாசிப்பு எவ்வளவு பலமோ, அவ்வளவு குறுக்கிடும். அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன், "அப்ப, மேம், ஒருத்தருக்கு எந்த மொழி நல்லா வரும்னு இதை வெச்சே கண்டுபிடிக்கலாமா?" என்று கேட்டான். இரு மொழிக்காரர்களை வைத்து உலகம் முழுக்க ஆய்வாளர்கள் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி அது. தமிழும் உருதும் தெலுங்கும் ஒரே பெஞ்சில் உட்காருகிற ஊர் இது. இப்படி ஓர் ஆய்வுக்கூடம் எத்தனை பல்கலைக்கழகங்களுக்குக் கிடைக்கும்? நம் பாடத்திட்டத்தில் "கவனம்: வகைகள், தீர்மானிக்கும் காரணிகள்" என்று ஒரு வரி இருக்கிறது. அவ்வளவுதான்.

நினைவும் மறதியும் நடத்தும்போதும் ஒரு வேடிக்கை நடந்தது. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே உண்டாக்கி, தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, எவ்வளவு மறந்தோம் என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். ஆராய்ந்தவரும் ஆராயப்பட்டவரும் ஒரே ஆள். மறுபடி படிக்கும்போது மிச்சமாகிற உழைப்பைத்தான் கணக்கு வைத்தார்: இருபது நிமிடம் கழித்து ஏறக்குறைய 58 விழுக்காடு மிச்சம், ஒரு நாள் கழித்து 34, ஒரு மாதம் கழித்து 21. முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மெதுவாகத்தான் போகிறது. நாமும் செய்வோம் என்று தமிழில் பொருளில்லாத அசைகளாகப் பதிமூன்றைப் பலகையில் எழுதினேன். ஆறாவதாக "குக்க" என்று எழுதியதும் பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு. தெலுங்கு பேசுகிற வீட்டுப் பையன். தெலுங்கில் அது நாயாம். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மற்றதெல்லாம் போய்விட்டது, "குக்க" மட்டும் அவனுக்கு மறக்கவில்லை. அவனுக்கென்ன, வகுப்பில் யாருக்குமே மறக்கவில்லை. பொருள் ஒட்டிக்கொண்டால் நினைவு ஒட்டிக்கொள்ளும் என்று இதற்கு மேல் எப்படி நடத்துவது! தேர்வுக்கு முந்தின ராத்திரி மட்டும் உட்கார்ந்து படிப்பதால் என்ன ஆகிறது என்பதையும் அந்த மறதிக் கணக்கை வைத்தே சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். கடைப்பிடிக்கவில்லை. அது வேறு பாடம்.

புலனுணர்வுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பாடம், நம் ஊருக்கென்றே எழுதி வைத்த பாடம். நுகர்வுத் தகவமைவு, அதாவது ஒரே வாசனையில் இருக்க இருக்க மூக்குக்கு அது தெரியாமல் போவது, என்பதற்கு நம் நோட்ஸில் என்ன எடுத்துக்காட்டு? சென்ட் கடைக்குள் நுழைந்தால் சிறிது நேரத்தில் வாசனை தெரியாது. எந்தப் பிள்ளை சென்ட் கடைக்குள் போயிருக்கிறது? வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் டேனரி இருக்கிறது. வெளியூர்க்காரர் பஸ் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்துவார், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நம்மூர்ப் பிள்ளை "இன்னா வாடை?" என்று அவரையே திருப்பிக் கேட்கும். ஒரு பெண் சொன்னாள்: பத்து நாள் சித்தி வீட்டில், திருச்சியில், இருந்துவிட்டு ரயிலில் இறங்கினபோதுதான் எங்க ஊருக்கு வாடை உண்டு என்று எனக்கே தெரிந்தது மேம், மறுநாள் மறுபடி போய்விட்டது. தகவமைவும் அதிலிருந்து மீள்வதும் இரண்டே வரியில் வந்துவிட்டன. அவளுக்கு அதை எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா? கைடில் சென்ட் கடைதானே இருக்கிறது.

வலி என்ற புலனுக்கு இன்னும் பெரிய கதை நம்மிடமே இருக்கிறது. கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயால் சதை அழுகி விரல் உதிர்கிறது என்றுதான் அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். அவர் கவனித்துப் பார்த்துச் சொன்னது வேறு: நோய் நரம்பைக் கெடுத்து வலியை எடுத்துவிடுகிறது; வலி இல்லாததால் சுடுவதும் வெட்டுவதும் தெரியாமல், பட்ட இடத்திலேயே மறுபடி மறுபடி பட்டு விரல் குறைகிறது. சிகிச்சை முடிந்தவர்களுக்கும் ராத்திரி தூங்கி எழுந்தால் விரல் நுனி காணாமல் போயிருந்ததாம். விழித்திருந்து பார்த்தபோது, எலி கடித்திருக்கிறது. தூங்குகிறவருக்கு உணர்வே இல்லை. அதன் பிறகு வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஒரு பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள். வலி என்பது தண்டனை இல்லை, காவல் என்று புரிய வைக்க இதைவிட என்ன வேண்டும்? இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்த கரிகிரி தொழுநோய் மருத்துவமனை, காட்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் வருகிறார்கள். பாடத்தில் கரிகிரி இல்லை.

நீலகிரியும் இல்லை. கேம்பிரிட்ஜிலிருந்து ரிவர்ஸ் என்பவர் 1901-02-ல் தோடர்களிடம் வந்து, கண் ஏமாறுகிற படங்களைக் காட்டிச் சோதித்தார். ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள், நுனியில் அம்புக்குறி உள்நோக்கியும் வெளிநோக்கியும் போட்டிருக்கும், ஒன்று நீளமாகத் தெரியும். முல்லர்-லயர் படம், நீங்கள் எல்லோரும் பார்த்ததுதான். ஆங்கிலேயர்கள் ஏமாந்த அளவுக்குத் தோடர்கள் ஏமாறவில்லை. கண் எல்லோருக்கும் ஒன்றுதான், பார்ப்பது ஒன்றில்லையா என்ற கேள்வி உளவியலில் இப்படித்தான் சூடு பிடித்தது. தமிழ்நாட்டு மலையில் நடந்த சோதனையை அமெரிக்கப் பாடப்புத்தகம் படித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

இது ஊர்ப் பெருமைக்காகச் சொல்வதில்லை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் 6 முன்னணி இதழ்களில் 2003 முதல் 2007 வரை வந்த ஆய்வுகளை ஆர்னெட் என்பவர் எண்ணிப் பார்த்தார். பங்கேற்றவர்களில் 68 விழுக்காடு அமெரிக்கர்கள். மேற்கத்திய நாடுகள் எல்லாம் சேர்ந்தால் 96. மனிதமனம் இப்படி என்று நாம் நடத்துவதில் பெரும்பகுதி, அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகளின் மனம் இப்படி என்பதுதான். 2015-ல் இன்னொன்றும் வெளியானது. பேர் பெற்ற இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து மறுபடி செய்து பார்த்தார்கள். ஏறக்குறைய 36 விழுக்காட்டில்தான் முன்பு சொன்ன முடிவு திரும்ப உறுதியானது. இதை முதல் வருடப் பிள்ளையிடம் சொன்னால் பாடத்தின் மேல் நம்பிக்கை போய்விடும் என்று ஒரு சக ஆசிரியர் பயந்தார். என் வகுப்பில் நடந்தது தலைகீழ். தன் தவற்றைத் தானே எண்ணி அச்சடித்து வெளியிடுகிற துறை என்று தெரிந்ததும் சிலருக்கு மரியாதை கூடியது. "அது எப்படித் தெரியும்?" என்று அப்புறம் என்னையே கேட்க ஆரம்பித்தார்கள். கொஞ்சம் தொல்லைதான்.

இதற்கு நேர் எதிரான ஆபத்து ஒன்றும் உண்டு. எல்லாம் நம் முன்னோர் சொன்னதே என்று மேடையில் பேசுகிறவர்களிடம் பிள்ளைகள் போய் விழுவது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடு சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அமெரிக்க உளவியலாளர் எக்மன் முகங்களை வைத்து ஆராய்ந்து சொன்ன ஆறு உணர்ச்சிகளோடு இதைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன். பல பொருந்தும். பெருமிதம் அந்த ஆறில் இல்லை. இளிவரலை அருவருப்போடு சேர்க்கலாமா என்றால், மூப்பும் பிணியும் வருத்தமும் மென்மையும்தான் அதற்குக் காரணம் என்கிறது நூல்; அப்போது அது வேறு ஏதோ. பிள்ளைகள் அரை மணி நேரம் சண்டை போடுவார்கள். ஆனால் ஒன்று செய்யுளுக்கு இலக்கணம், மற்றொன்று சோதனை. இரண்டையும் ஒன்று என்று எழுதினால் நான் மதிப்பெண் போடமாட்டேன். 1912-ல் உளவியலின் அடிப்படைகள் பற்றி ஒரு சிறு நூல் எழுதிய, பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன், நம் ஊரீசு கல்லூரியில் படித்தவர்தான். இந்த ஊருக்கும் இந்தப் பாடத்துக்கும் நூறு வருடத்துக்கு மேல் உறவு இருக்கிறது. பொய்ப் பெருமை தேவையில்லை.

மொழியைப் பற்றி. "எதிர்மறை வலுவூட்டல்" என்றால் என்ன என்று கேட்டால், ஆங்கிலத்தில் எழுதுகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் "தண்டனை" என்றுதான் எழுதுகிறார்கள். வருடா வருடம், விடைத்தாள் திருத்தும் முகாமில் எந்தக் கல்லூரிக் கட்டைப் பிரித்தாலும் இதே தப்பு. நெகட்டிவ் என்ற சொல் காதில் விழுந்ததும் கெட்டது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். தமிழில் வீட்டு விஷயமாகச் சொன்னால் குழப்பமே இல்லை. அம்மா திட்டிக்கொண்டிருக்கிறார், புத்தகத்தை எடுத்து உட்கார்ந்ததும் திட்டு நிற்கிறது, அடுத்த தடவை அம்மா வாயைத் திறந்ததுமே புத்தகத்தைத் தேடுகிறாய். ஒரு தொல்லை விலகுவதால் ஒரு செயல் பலப்படுகிறது. "அப்ப நான் படிக்கிறது படிக்கிறதுக்காக இல்லையா மேம்?" என்று ஒருவன் கேட்டான். பாவ்லோவின் நாயும் அப்படித்தான்: சோறு வைக்கும்போதெல்லாம் மணி அடித்துப் பழக்கினால், பிறகு மணியோசைக்கே அதற்கு வாயூறும். மணியோசையும் உமிழ்நீரும் மனப்பாடம் ஆகின்றனவே தவிர மனதில் ஏறுவதில்லை. பிரியாணி அண்டாவின் மூடியைத் திறந்து மாஸ்டர் கரண்டியால் விளிம்பில் தட்டுவாரே, அந்தச் சத்தத்துக்கே வாயூறுகிறதே ஏன் என்று ஆம்பூர்ப் பிள்ளையைக் கேளுங்கள். இயற்கைத் தூண்டல் எது, ஆக்கநிலையுறுத்தப்பட்ட தூண்டல் எது என்று அதுவே பிரித்துச் சொல்லும்.

தூண்டல், துலங்கல், புலன்காட்சி, வலுவூட்டல் என்று நல்ல சொற்கள் பி.எட். படிப்பில் பல காலமாகப் புழங்குகின்றன. நாம் புதிதாக எதையும் உண்டாக்க வேண்டியதில்லை. தமிழில் விடை எழுதலாம் என்று வாயால் சொல்கிறோம்; வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டும் வருகிறது, இன்டர்னலில் தமிழில் எழுதினால் முகம் சுளிக்கிறவர்களும் இருக்கிறோம். கேள்வியை இரண்டு மொழியிலும் அச்சடியுங்கள். கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்திலும் தெரிந்து வைத்திருக்கச் சொல்லி நான் பார்த்துக்கொள்கிறேன். மேற்படிப்புக்கு அது வேண்டும், மறுக்கவில்லை.

இன்னொன்றையும் முதல் யூனிட்டிலேயே வைக்கச் சொல்லிக் கேட்கிறேன்: இந்தப் பட்டம் எதற்கு, எதற்கு இல்லை என்பது. சென்னைக்காரர்கள் கீழ்ப்பாக்கம் என்று கிண்டல் செய்வதைப் போல எங்கள் பக்கத்தில் பாகாயம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதே பாகாயத்தில்தான் சி.எம்.சி. 1957-ல் மனநல மையத்தைத் தொடங்கி, நோயாளியோடு குடும்பத்தாரும் கூடவே தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கிற முறையை வளர்த்தது. பூட்டி வைப்பதுதான் வைத்தியம் என்றிருந்த காலத்தில் அது சாதாரண விஷயமில்லை. அங்கே மருந்து எழுதுகிறவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தவர். மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்ள மேற்படிப்பும், இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவும் வேண்டும். மூன்று வருட இளங்கலைப் பட்டத்தோடு போர்டு மாட்ட முடியாது. இதை யாரும் சொல்லாததால், இரண்டாம் பருவத்திலேயே பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கவுன்சிலிங் கொடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். விடுதியில் ஒருத்தி அறைத்தோழிக்கு என்ன கோளாறு என்று "கண்டுபிடித்து" மற்றவர்களிடம் சொல்லி, அந்தப் பெண் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். பாதிப் படிப்பு யாருக்குப் பாதகம் என்று பாருங்கள். என் முதல் வகுப்பு விதி: யாருக்கும் நோய்ப் பெயர் சூட்டக் கூடாது, உனக்கு நீயும்கூட.

சரி, கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். மொத்தப் பாடத்திட்டத்தையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதற்குக் கமிட்டி, அதற்கு ஒரு துணைக் கமிட்டி என்று போகும், எனக்கு ஓய்வு வயது வந்துவிடும். இன்டர்னல் மதிப்பெண்ணில் அசைன்மென்டுக்கு ஒதுக்கியதை, பிள்ளை தானே செய்த இரண்டு சின்னச் சோதனைக்கு மாற்றுங்கள். முடிவு தப்பாக வந்தாலும், என்ன செய்தேன், என்ன வந்தது, ஏன் சந்தேகப்படுகிறேன் என்று நேர்மையாக எழுதியிருந்தால் முழு மதிப்பெண். வினாத்தாளில் "வரையறு" என்று ஆரம்பிக்கிற கேள்விகளில் பாதியை "இது எப்படித் தெரியவந்தது?" என்று மாற்றுங்கள். கைடு போடுகிறவர்கள் ஒரு வருடம் திணறுவார்கள், திணறட்டும். சிந்தனைப் பள்ளிகளுக்கு, அதாவது உளவியலில் தோன்றிய வெவ்வேறு கருத்து மரபுகளுக்கு, ஒரு முழு யூனிட் எதற்கு என்பதையும் யோசியுங்கள். ஆறு பள்ளி, ஆறு தந்தை, ஆறு ஆண்டு, மூன்று வாரம் போய்விடுகிறது.

"வசதி இல்லாத கல்லூரிகள் என்ன செய்யும்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்பார், எனக்குத் தெரியும். அவருக்காகவே அடுத்த பாடத்திட்டக் கூட்டத்துக்கு என் பையில் இரண்டு ஸ்கேல் எடுத்து வருகிறேன். தேநீர் வருவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் கொடுங்கள். நான் விடுகிறேன், தலைவர் முதலில் பிடிக்கட்டும்.

இப்படிக்கு,
முதல் தாள் நடத்தும் ஓர் ஆசிரியை,
வேலூர்